வாருக்குக் கட்டிய காப்பு

இலங்கையில் தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலை ஆலையில், அங்கத்துப் பேச்சில் ஸ்டோரில், தூள் சலிப்பவள் பெரியாயி. துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். வாய் கொஞ்சம் நீளம். வாய் நீளமில்லாதவர்களுக்கு மட்டும் அந்தத் தோட்டத்தில் என்ன கிடைத்துவிட்டது?

அந்த வருஷம் அவள் மகள் கருப்பம்மாவையும் சலிக்க அனுப்பினார்கள். கருப்பம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல். அவள் நிற்கிற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, மெசினை ஓட்டும் தோல்வார் மறைப்பே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. போன மாதம்தான் அது கூடச் சலித்த லெட்சுமியின் சேலைத் தலைப்பைப் பிடித்திழுத்துக் கையை முறித்துப் போட்டது. சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனால் ஆளைப் பிடித்து ஜெயிலில் போட வெள்ளைக்காரன் சட்டம் இருந்தது. கை போனால் கேட்க நாதியில்லை. நல்ல சட்டம்!

பெரியாயி நேரே கணக்கப்பிள்ளை கணபதியிடம் போனாள்.

"ஐயா, அந்த வாருக்கு ஒரு காப்புப் போடச் சொல்லுங்க. நாலு பலகை போதுங்க."

"காப்புத்தானே?" என்று சிரித்தார் கணபதி. ஒரு மஞ்சள் கயிற்றை வரவழைத்து, "மாரியாத்தா துணை!" என்று கூவி, வார் ஓடும் இடத்துத் தூணில் கட்டினார். "இந்தா, திருவிழாவுக்குக் கட்டுற மாதிரியே கட்டியாச்சு!" ஸ்டோரே சிரித்தது.

பெரியாயி சிரிக்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா பேரச் சொல்லிக் கட்டிட்டீங்களே ஐயா! இனி அவுக்குற வரைக்கும் கட்டின கைக்குக் கவுச்சி ஆகாது, சாராயம் ஆகாது. சுத்திப் பலகையால எல்லை கட்டாம அவுக்கவும் கூடாதுங்க."

கடைசி விதி எந்த ஊர் வழக்கமென்று அவளுக்கே தெரியாது. ஆனால் மாரியாத்தா விஷயத்தில் யார் விளையாடுவார்கள்? கணபதிக்கு முகம் தொங்கிப்போனது. சாராயமில்லாமல் அவருக்குப் பொழுது சாயாது.

வெள்ளிக்கிழமை வரை தாக்குப்பிடித்தார். கருவாட்டு வாசம் வந்தாலே தலையைத் திருப்பிக்கொண்டார். சனிக்கிழமை துரையிடம் ஓடி, என்னென்னவோ சொல்லித் தச்சனைக் கூட்டிவந்தார். வாரைச் சுற்றிப் பலகை எழும்பியது.

பெரியாயி கும்பிட்டுக் கயிற்றை அவிழ்த்தாள். கணபதி சாராயக்கடைக்குப் போன வேகத்தைச் சொல்லிச் சொல்லி, தொழிலாளிகள் குடியிருக்கும் லயமே சிரித்தது.

"அம்மா, எல்லையை எப்பப் பிரிப்பாங்க?" என்றாள் கருப்பம்மா.

"கட்டுறதுக்குத்தான் விதி சொன்னேன். பிரிக்கிறதுக்கு நான் ஒண்ணும் சொல்லலியே" என்ற பெரியாயி, மகள் பயந்து இடுப்பில் செருகி வைத்திருந்த பின்னலை உருவி, முதுகில் தாராளமாகத் தொங்கவிட்டாள்.