அலர்ஜி இல்லை

அந்த மருத்துவமனையின் கம்ப்யூட்டர்காரரை முகத்துக்கு நேரே 'சார்' என்பார்கள், அந்தப் பக்கம் திரும்பினால் 'லேசு' என்பார்கள். எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் "லேசா இருக்கணும்" என்று ஆரம்பிப்பார், அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். ஆள் ஒன்றும் லேசு இல்லை. தொப்பை சட்டைப் பொத்தான்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும், உட்கார்ந்தால் நாற்காலி முனகும். லேசாக இருக்க வேண்டியதெல்லாம் உலகத்தில் மற்றவர்கள் எழுதும் புரோகிராம்தான்.

முதலில் ஒரு பெரிய கம்பெனியில் இருந்தார். அங்கே விவரங்களைச் சேர்த்து வைக்கும் டேட்டாபேஸிலிருந்து ஒரு பெயரை எடுக்க வேண்டும் என்றாலும் பூதாகரமான மென்பொருள் ஒன்றை இழுத்துப் போட்டுத்தான் எடுப்பார்கள். எஸ்க்யூஎல் என்கிற கேள்வி மொழியில் ஒரு வரி எழுதத் தெரியாதவன்கூட அதை வைத்துக் காலத்தை ஓட்டிவிடலாம், கேள்வியை அதுவே எழுதிக்கொள்ளும். இவருக்கு அது பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு டம்ளர் தண்ணி கேட்டா கிணத்தையே பேத்துக்கிட்டு வரானுங்க" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னார். முதல் தடவை எல்லோரும் சிரித்தார்கள். அந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தவரே தலைமை தாங்கிய கூட்டத்திலும் அதையே சொன்னார், அங்கே யாரும் சிரிக்கவில்லை. அடுத்த ஆள்குறைப்பில் கம்பெனி அவரை இறக்கிவிட்டுத் தானும் கொஞ்சம் லேசாகிக்கொண்டது.

வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த மாதங்களில் அவருடைய தத்துவத்தை மனைவி நன்றாகவே அறிந்துகொண்டாள். வெளியூர் போனால் அவர் ஒரு சின்னப் பையோடு புறப்படுவார், மற்றவர்கள் மூட்டை கட்டுவதைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். போய்ச் சேர்ந்ததும் சோப்பு, துண்டு, சீப்பு, சார்ஜர் என்று ஒவ்வொன்றாக மனைவியின் பெட்டியிலிருந்து கிளம்பி வரும். இதைப் பற்றி ஒரு தடவை அவள் கேட்டதற்கு, "நீதான் கொண்டு வர்றியே, நான் வேற எதுக்கு?" என்றார். பெருந்தன்மையாகத்தான் சொன்னார்.

வேலை வாங்கிக் கொடுத்தது மனைவியின் தங்கை. அந்த மருத்துவமனையில் ஊசி போடும் அறையில் அவள் நர்ஸ். பெரிய டாக்டரம்மாவிடம் போய், "எங்க அத்தான் கெட்டிக்காரர் டாக்டர். கொஞ்சம் பேசுவார், ஆனா வேலை சுத்தமா இருக்கும்" என்று சொல்லியிருக்கிறாள். மறு வாரமே வேலை கிடைத்தது. நன்றி சொல்ல வேண்டியவர் அன்று மனைவியிடம் சொன்னது வேறு: "உன் தங்கச்சி சிபாரிசுல வந்தேன்னு அங்க யாருக்கும் தெரிய வேணாம். நல்லா இருக்காது."

மருந்துக் கிடங்குக்கும் லிஃப்டுக்கும் நடுவே அவருக்கு ஓர் அறை கொடுத்தார்கள். ஒரு பக்கம் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கும், ஏசி ஒரு வாளிக்குள் சொட்டிக்கொண்டிருக்கும். அங்கே உட்கார்ந்து நோயாளிகளின் விவரம் முழுவதையும் காகிதத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றினார். வேலை தெரியாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. அதற்காக அவர் பிடித்த, லைப்ரரி என்கிற உதவி மென்பொருள் அவருடைய ஆசைக்கேற்றபடி துக்கடா. இவர் கேள்வியை எஸ்க்யூஎல்லில் எழுதிக் கொடுத்தால் அது டேட்டாபேஸில் போய்க் கேட்டு, வந்த விவரங்களைப் பெயர் பார்த்து அந்தந்த இடத்தில் போட்டுவிடும். அதோடு அதன் கடமை முடிந்தது. ஏதாவது ஒரு விவரம் வரவில்லையென்றால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். ஏன் வரவில்லை என்று கேட்காது, சத்தம் போடாது. இந்த அடக்கம் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. வீட்டில்கூட அப்படி ஒருவரும் இல்லை.

மச்சினியை அவர் மதித்ததில்லை. மானிட்டரை அணைத்துவிட்டுக் கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டதாக ஒருமுறை அவள் நினைத்துவிட்டாள், அதைச் சாப்பாட்டு மேஜைக்கு மேஜை சொல்லிச் சிரிப்பார். அவளும் கூடவே சிரிப்பாள். புதிதாக வரும் நர்ஸ்களிடம் மட்டும், "இந்த ஸ்க்ரீன நம்பலாம், எங்க அத்தான் பண்ணது" என்று பெருமையாகச் சொல்வாள்.

ஒரு நாள் வரவேற்பில் உட்காரும் பெண் வந்து நின்றாள்.

"சார், பேஷன்ட் பேரத் தட்டினா பக்கம் திறக்க ரொம்ப நேரம் எடுக்குது. கியூல எல்லாரும் என்னத்தான் திட்றாங்க."

அவருக்குச் சுருக்கென்றது. கனமான மென்பொருளைப் பற்றித்தான் அப்படிச் சொல்வார்கள், தன்னுடையதைப் பற்றி ஒருத்தி சொல்வதா? உடனே அந்தப் பக்கத்துக்காகத் தான் எழுதிய கேள்வியை, அதாவது குவெரியை, திறந்தார். ஒரு நோயாளிக்கு எத்தனை விவரம் உண்டோ அத்தனையையும் அது அள்ளிக்கொண்டு வந்தது. வரவேற்புக்கு எதற்கு இவ்வளவு? பெயர், வயது, போன், எந்த டாக்டர், இவை போதும். மீதியை ஒவ்வொன்றாக வெட்டித் தள்ளினார். அலர்ஜி விவரமும் அதில் போனது. அதே குவெரியைத்தான் ஊசி அறையின் திரையும் நம்பிக்கொண்டிருக்கிறது என்பது அவர் மனதில் தோன்றவே இல்லை. யாரிடமாவது ஒரு தடவை காட்டியிருக்கலாம். ஆனால் இவர் எழுதியதைத் திருத்த இன்னும் ஒருவன் பிறக்க வேண்டும் என்பது இவர் கட்சி.

இன்னொன்றும் உண்டு. ஊசி அறையின் திரையில் அலர்ஜி என்ற கட்டத்துக்கு 'ஆம்', 'இல்லை' என்று இரண்டே பதில்தான் வைத்திருந்தார். ஆம் என்று வராவிட்டால் இல்லை. 'தெரியவில்லை' என்று மூன்றாவதாக ஒன்று வைத்தால் கனம் கூடிவிடுமாம்.

பக்கம் பட்டென்று திறந்தது. வரவேற்புப் பெண் கைதட்டினாள். அன்று முழுவதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை, கேன்டீனில் காசு வாங்குகிறவரிடம்கூட எவ்வளவு வேகம் என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் காலில் ஆணி குத்திய ஒரு தச்சர் ஊசி அறைக்கு வந்தார். ஊசிக்கு முன்னால் மச்சினி வழக்கம்போல் கேட்டாள்.

"அய்யா, ஏதாவது மருந்து ஒத்துக்காம போனதுண்டா?"

"அதெல்லாம் முன்னாடி வந்தப்பவே சொல்லியிருக்கேம்மா. கம்ப்யூட்டர்ல இருக்குமே."

திரையைப் பார்த்தாள். அலர்ஜி: இல்லை. பெயரும் வயதும் சரிதானா என்று பார்த்துவிட்டு இன்னொரு தடவையும் பார்த்தாள். இல்லை. ஊசியைப் போட்டாள். சற்று நேரத்தில் தச்சரின் உதடு தடித்தது, முகம் வீங்கியது, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. டாக்டர்கள் ஓடி வந்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் அவருடைய மனைவி நடைபாதையில் உட்கார்ந்து அழுத அழுகையில் லிஃப்டுக்குக் காத்திருந்தவர்கள்கூடப் படியேறிப் போனார்கள்.

மச்சினி அவருடைய அறைக்கு ஓடி வந்தாள். 

"அத்தான், ஸ்க்ரீன்ல இல்லைன்னுதான் போட்டிருந்துச்சு. ரெண்டு தடவ பாத்தேன்."

"நீ வேற யாரு பக்கத்தையாவது திறந்து வச்சிருப்ப."

"இல்ல அத்தான், பேரு, வயசு எல்லாம் பாத்துட்டுதான்..."

"சரி சரி, போ. நான் பாக்குறேன்."

அவள் போன பிறகு தச்சரின் பக்கத்தைத் திறந்தார். அலர்ஜி: இல்லை. டேட்டாபேஸில் நேராகப் பார்த்தார். அங்கே ஆம் என்று இருந்தது, மருந்தின் பெயரோடு.  நேற்று வெட்டியது ஞாபகம் வந்துவிட்டது. விழுந்தடித்துக்கொண்டு குவெரியைத் திறந்து அலர்ஜி விவரத்தைத் திரும்பச் சேர்த்தார். திரை இப்போது 'ஆம்' என்றது. பெருமூச்சு விட்டார். அந்த நேரத்திலும் அவருக்கு என்ன தோன்றியது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்: பெரிய மென்பொருளாக இருந்திருந்தால் இந்தத் தப்பைக் கண்டுபிடிக்கவே அரை நாள் ஆகியிருக்கும்!

திருத்த வேண்டியதுதான், அது தப்பில்லை. அடுத்த நோயாளி வாசலில் நிற்கிறார். ஆனால் திருத்திய கையோடு எழுந்து டாக்டரம்மாவின் அறைக்குப் போயிருக்க வேண்டும். இடையில் இருந்தது ஒரு நடைபாதை. எழுந்தார், தண்ணீர் குடித்தார், உட்கார்ந்தார். தச்சருக்குச் சரியாகட்டும், எல்லோரும் அமைதியாகட்டும், சமயம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

சமயம் அவரைத் தேடிக்கொண்டு வந்தது. மதியம் டாக்டரம்மா ஊசி அறையில் இரண்டு பேரையும் கூப்பிட்டு நிறுத்தினார். தச்சரின் பக்கத்தைத் தானே திறந்தார்.

"என்ன சிஸ்டர், ஆம்னு கொட்டை எழுத்துல இருக்கு. நீங்க இல்லைன்னு இருந்துச்சுங்கறீங்க?"

மச்சினி திரையைப் பார்த்தாள். கிட்டே போய்ப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"டாக்டர், சத்தியமா காலையில இல்லைன்னுதான்..."

"சார், நீங்க சொல்லுங்க. காலையில ஒண்ணு மதியானம் ஒண்ணு காட்டுமா இது?"

மச்சினியும் அவரைத்தான் பார்த்தாள். பயந்து பார்க்கவில்லை. அத்தான் விளக்கிச் சொல்லிவிடுவார் என்று நம்பிப் பார்த்தாள். அவருக்கோ பழைய கம்பெனியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த நாள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.  திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"டேட்டாபேஸ்ல ஆம்னுதான் இருக்கு டாக்டர். ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தான் இருக்கு. வேணும்னா காட்டறேன்."

இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. கேட்ட கேள்விக்கு இது பதிலும் கிடையாது. கேட்டது திரையைப் பற்றி, சொன்னது டேட்டாபேஸைப் பற்றி. டாக்டரம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ பொய்யர்களைப் பார்த்திருக்கிறோம், நிஜத்தை மட்டும் பொறுக்கியெடுத்து ஒருத்தியின் வாயை அடைக்கிறவனைவிட அவர்கள் தேவலை.

அந்த வார முடிவில் அவளை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

மனைவி இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க, அவ பொய் சொல்றவ இல்ல. உங்களுக்கே தெரியும்."

"பொய்னு யாரு சொன்னா? கவனம் பத்தலன்னுதான் சொல்றாங்க."

"அந்தக் கம்ப்யூட்டர்ல ஏதாவது கோளாறு இருந்திருக்குமோ?"

"நான் எழுதினதுல கோளாறா?" என்று சீறினார். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. அவர் எதிர்பார்த்ததும் அதைத்தான். ஆனாலும் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு கணம் நெஞ்சு அடித்துக்கொண்டது. வெட்கப்பட்டார், நிஜமாகவே வெட்கப்பட்டார். இனிமேல் சொன்னால் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயம் அந்த வெட்கத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

சில வாரம் கழித்து ஒரு மாலை மச்சினி வீட்டுக்கு வந்தாள். இளைத்திருந்தாள். கையில் கண் மருத்துவமனைக் கவர். அக்கா உள்ளே டீ போடப் போனதும் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"கண்ண காட்டிட்டு வரேன் அத்தான். ஒரு குறையும் இல்லையாம். கண்ணாடிகூட வேணாம்னுட்டாங்க."

"நல்லதுதானே."

"நல்லது எங்கேர்ந்து? கண்ணு மங்கிருச்சுன்னா கண்ணாடி போட்டுக்கிட்டு வேலைக்குப் போயிருவேன். கண்ணு சரியா இருக்குன்னா, அன்னிக்கி நான் பாத்தது என்ன? ரெண்டு தடவ பாத்தேனே. இல்லாத எழுத்து எப்படி எனக்குத் தெரிஞ்சுது?"

அவர் கவரை வாங்கிப் பிரித்து, தனக்குப் புரியாத எண்களைப் படிப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு ஆஸ்பத்திரியில கூப்பிட்டாங்க அத்தான். வரலன்னுட்டேன். ஊசிய கையில எடுக்கவே பயமா இருக்கு. நான் படிக்கிறத நானே நம்ப முடியல, இன்னொரு ஆளு உயிர எப்படி என்கிட்ட குடுப்பாங்க?"

சொல்வதற்கு அவரிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. அதைச் சொன்னால் அவளுக்குக் கண்ணும் கையும் வேலையும் திரும்பி வந்துவிடும். வாயைத் திறந்தார்.

"அலைச்சல்ல, டென்ஷன்ல சில பேருக்கு அப்படித் தோணும்மா. கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு."

அவள் தலையைக் குனிந்து யோசித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். அன்னிக்கி டாக்டரம்மா முன்னாடி நீங்களும் என்னைப் பொய் சொல்றான்னு சொல்லாம விட்டீங்களே, அதுவே எனக்குப் பெருசு அத்தான்."

அந்த நன்றிக்கும் அவர் தலையை ஆட்டினார்.