கெலேபியும் என் நீலக் காரின் கதவும்

ஞாயிற்றுக்கிழமை கெலேபி காரைத் தேய்த்தான் என்று இனி யாராவது சொன்னால் அவர்களை என்னிடம் அனுப்புங்கள். பக்கத்து வீட்டு லோசா தன் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்கிறாளாம். அவள் வேலியிலிருந்து என் கொட்டகை எத்தனை தூரம், அவள் கண்ணுக்கு எத்தனை வயது, இரண்டும் எனக்குத் தெரியும். கார் என்னுடையது. கெலேபி என் தம்பி மகன். அன்று மூன்று எட்டுத் தள்ளி நான் உட்கார்ந்திருந்தேன். அவன் தொடவில்லை. எங்கள் தீவில் ஞாயிறன்று வேலை செய்தால் பாதிரியாரும் கேட்பார், போலீசும் கேட்கும். அதற்காகத் தொடாமல் இருந்தான் என்றும் நினைக்காதீர்கள். அவன் அப்படிப்பட்டவன் இல்லை, அவ்வளவுதான்.

அவனுக்கு முப்பத்தாறு வயது. படகுத்துறையில் கயிறு கட்டுகிறவன். எதையும் மெதுவாகச் செய்வான். கிழங்கு உரித்தால் தோல் அறுபடாமல் ஒரே சுருளாக வரும், அதற்குள் மற்றவர்கள் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பார்கள். ஆஸ்திரேலியாவில் ஆரஞ்சு பறிக்க மூன்று முறை பெயர் கொடுத்தான். மூன்றாவது முறைதான் கூப்பிட்டார்கள். ஏழு மாத வேலை, திங்கட்கிழமை மதியம் விமானம். அதற்குப் பதினொரு நாள் முன்னால் வியாழக்கிழமை, சர்ச் விருந்துக்கு என் காரில் பன்றி ஏற்றிக்கொண்டு போனான்.

சாயங்காலம் என் வாசலில் வந்து வெறும் தரையில் உட்கார்ந்தான்.

“பாயில உக்காருடா.”

“வேணாம் அத்தை.”

“என்ன ஆச்சு?”

“உங்க காரு. சர்ச்சு கேட்டுல நீட்டிக்கிட்டிருந்த தகரம் பின் கதவ நீளத்துக்குக் கிழிச்சிடுச்சு.”

“பன்னிக்கு ஒண்ணும் ஆகலியே?”

“பன்னிக்கு ஆக வேண்டியது காலையிலேயே ஆயிடுச்சு அத்தை, சுட்டுத்தான் ஏத்துனோம்.”

போய்ப் பார்த்தேன். கருநீலக் கதவில் ஒரு முழத்துக்கு வெள்ளைக் கோடு. நகம் வைத்தால் நகம் உள்ளே இறங்கியது. அடியில் தகரம் மினுங்கியது.

“விடுடா. பதினெட்டு வருசத்துக் காரு. என் மூஞ்சியில இருக்கிற கோட்ட விடவா இது ஆழம்?”

“மூஞ்சி துருப்பிடிக்காது அத்தை. இங்க உப்புக்காத்து. நான் திரும்பி வர்றதுக்குள்ள கதவு சல்லடையாயிடும். நீங்க அந்தக் கதவத் தொறந்து சர்ச்சுல எறங்குவீங்க. ஊரே பாக்கும். இதச் சரிபண்ணாம என்னால பிளேன் ஏற முடியாது.”

“வேணாம்னு சொன்னேன்ல.”

எங்களில் அப்பாவின் அக்காள் சொன்னால் சொன்னதுதான். அவள் தட்டில் மிஞ்சியதைக்கூடத் தம்பி பிள்ளைகள் தொட மாட்டார்கள். அவள் பொருளுக்குக் கேடு வந்தால் அது அவர்கள் முகத்துக்கு வந்த கேடு. அதனால் அவன் என்னை மீறவில்லை. வெள்ளிக்கிழமை மறுபடி வந்து அதே தரையில் உட்கார்ந்தான். சனிக்கிழமையும் வந்தான். அவன் பெண்டாட்டி அகனேசி பின்னாலேயே வந்தாள்.

“சரின்னு சொல்லித் தொலைங்க அத்தை. சோத்துல கைய வெச்சுக்கிட்டுக் கதவு கதவுன்னு பொலம்புறான்.”

சரி என்றேன். அவன் சாப்பிட வேண்டுமே என்றுதான் சொன்னேன், வேறு எதற்கும் இல்லை.

திங்களன்று கொட்டகையில் தொடங்கினான். கதவைச் சோப்பு போட்டுக் கழுவி, கீறலைச் சுற்றிப் பழைய செய்தித்தாளை ஒட்டி, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்த்தான். ஓரம் கையில் தட்டாமல் போகும்வரை தேய்த்தான். அகனேசி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“நம்ம புள்ளைங்க முதுக ஒரு நாளாவது இப்படித் தேச்சிருக்கியா நீ?”

“அதுங்க ஓடிடுதுங்க. கதவு நிக்குது.”

செவ்வாய்க்கிழமை கப்பல் வந்ததால் அவன் துறைக்குப் போய்விட்டான். இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். கதவில் தகரம் பச்சைப் புண்போல் திறந்து கிடந்தது. கடல் காற்று நேராக அதன்மேல் அடித்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. பிள்ளைகளுக்குக் குளிர்காற்று ஏறாமல் தடவுகிற பூ வாசனைத் தேங்காயெண்ணெயை எடுத்துவந்து நன்றாகத் தேய்த்துவிட்டேன். எங்கள் ஊரில் குழந்தைக்கும் எண்ணெய்தான், மரச்சாமானுக்கும் எண்ணெய்தான், பிணத்துக்கும் எண்ணெய்தான். தகரத்துக்கு மட்டும் ஆகாது என்று யாருக்குத் தெரியும்?

புதன்கிழமை அவன் அடிப்பூச்சை அடித்தான். பூச்சு ஒட்டவில்லை. வட்டம் வட்டமாக விலகி, மீன் கண்போல் முழித்தது. கெலேபி குனிந்து மோந்து பார்த்தான். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னான்.

“தகரத்துல பூ வாசம் வருது அத்தை.”

“காத்துல வந்திருக்கும்.”

“இருக்கும் அத்தை.”

அடித்ததை எல்லாம் வழித்து, தின்னர் போட்டுத் துடைத்து, மறுபடி முதலிலிருந்து தேய்த்தான். அதில் போயின இரண்டு நாள். அவன் கடைசி நாள்வரை இழுத்தான் என்று ஊர் பேசுகிறதே, அந்த இரண்டு நாள் என் கணக்கில் எழுதுங்கள்.

நிறமும் லேசில் கிடைத்ததா? கதவுச் சட்டத்துத் தகட்டில் இருந்த நம்பரைக் கையில் எழுதிக்கொண்டு தலைநகர் நுகுஅலோஃபாவில் நாலு கடை ஏறினான். அதே நம்பர் இல்லை, பக்கத்து நம்பர்தான் இருந்தது. மீன் டப்பா மூடியில் கொஞ்சம் அடித்து, வெயிலில் காயவைத்து, கதவோரம் பிடித்துப் பார்த்தான். மெல்லிசாக ஒரு தரம் அடித்தால் பச்சை தட்டியது, நாலு தரம் அடித்தால் சரியாக இருந்தது. வெள்ளிக்கிழமை நாலு தரம் அடித்தான். ஒவ்வொரு தரமும் காயும்வரை பக்கத்தில் குந்தியிருந்தான். எங்கள் சவுக்கு மரங்களில் பழவௌவால்கள் தொங்குகின்றன. அவை எச்சமிடாமல் இருக்கக் கொட்டகை வாயில் கொசுவலை கட்டினான்.

சனிக்கிழமை மதியம் மேலே கண்ணாடிபோல் வருகிற கடைசிப் பூச்சு. அடித்து முடித்த நேரம் மழை வந்தது. உள்ளே ஒரு துளி படவில்லை, ஆனால் காற்றெல்லாம் ஈரம். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலத்தின்மேல் பால் ஊற்றியதுபோல் வெளுத்தது. அவன் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான். பூச்சு இறுகினால்தான் அதைத் தேய்த்து எடுக்க முடியும். இறுகும்போது ஞாயிறாகிவிடும்.

ஞாயிறன்று சர்ச்சுக்குப் போனோம், நடந்துதான். சேம்பிலையில் மடித்து வேகவைத்த இறைச்சியைச் சாப்பிட்டோம். ஊர் தூங்கப் போனதும் அவன் கொட்டகைக்குப் போனான், நானும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனேன். அகனேசியின் தம்பி தானியேலா வந்தான்.

“வலைய இறக்கிவிட்டா யாருக்கு மச்சான் தெரியும்? கால் மணி நேர வேலை.”

“எனக்குத் தெரியுமே.”

“அத்தை, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா செய்வான்.”

செய்திருப்பான். ஒரு சொல் போதும், அந்தப் பாவமும் என்மேல்தான் வந்திருக்கும். என் எண்ணெயால் போன நாள்தானே அது, ‘தேய்டா’ என்ற சொல் வாய்வரை வந்தது. ஆனால் அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, மூக்கு படுகிற தூரத்தில் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கைகளை என் வாயால் அவிழ்க்க எனக்கு மனம் வரவில்லை. லோசா பார்த்தது அந்தக் குனிவைத்தான். கை எங்கே இருந்தது என்று அவளையே கேளுங்கள்.

திங்கட்கிழமை விடியும்போது காற்று திரும்பிக் காய்ந்த காற்றாக அடித்தது. கெலேபி எனக்கு முன்னால் எழுந்துவிட்டான். மிக நைசான தாளால் அந்தப் பால் வெளுப்பை வழித்தான். துடைத்தான், காயவிட்டான், மெல்லிசாக ஒரு தரம் அடித்தான். நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம். வெளுக்கவில்லை. நீலம் நீலமாகவே நின்றது. கீறல் இருந்த இடம் கொஞ்சம் மங்கல்தான், மாமரப் பக்கம் நின்று பார்த்தால் தெரியும். நான் அங்கே நிற்பதில்லை.

“ஒரு வாரம் கழுவாதீங்க அத்தை. ஒரு மாசம் போகட்டும், அப்புறம் இந்த டப்பா பாலிஷ அகனேசி போட்டுத் தேய்ப்பா, பளபளன்னு ஆயிடும்.”

“கூட வேற என்ன போடணும்?”

“ஒண்ணுமே போட வேணாம் அத்தை. தயவுசெஞ்சு.”

குளித்துவிட்டு, எங்கள் வழக்கப்படி மரியாதைக்கு இடுப்பில் பாயைக் கட்டிக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தான், இந்த முறை பாய்மேல். தலையில் கை வைத்தேன். “போயிட்டு வா, கதவு நல்லா இருக்கு” என்றேன். வேறு ஏதேதோ சொல்ல நினைத்திருந்தேன், இதுதான் வந்தது. அவனுக்கு அது போதுமாக இருந்தது, முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

விமான நிலையம் தீவின் அந்தக் கோடியில். என் காரில் போயிருக்கலாம், ஆனால் பூச்சு ஈரம். தானியேலாவின் வண்டியையும் முற்றத்துக்குள் விட வேண்டாம், புழுதி கிளம்பும் என்றான். வண்டி ரோட்டிலேயே நின்றது. பையின் ஒரு காதை அவனும் மறு காதை அகனேசியும் பிடித்துக்கொண்டார்கள். வாசலைத் தாண்டி, புதுச் செருப்பு புழுதியைக் கிளப்பாமல் அடிமேல் அடிவைத்து, அவன் ரோட்டுக்கு நடந்து போனான்.