தரையில் நிற்கும் விமானத்தில் வாந்தி

விமானிக்கு வாந்தி வரவழைக்க வானம் தேவையில்லை, நான் பார்த்துக்கொண்ட பெட்டியே போதும்.

எண்பதுகளில் ஹைதராபாதில் ஒரு பயிற்சி நிலையத்தில் சிமுலேட்டர் டெக்னீஷியனாக இருந்தேன். சிமுலேட்டர் என்பது இரும்புக் கால்கள்மேல் ஆடும் ஒரு விமானி அறை. அதன் ஜன்னலில் ஓடுபாதையைப் படமாகக் காட்டும் கருவியைப் புதிதாகப் பொருத்தினார்கள். அன்றிலிருந்து உள்ளே போனவர்கள் வெளுத்த முகத்தோடு வெளியே வந்தார்கள். மலைப்பாதை பஸ்ஸில் தலையை வெளியே நீட்டிய அன்பர்களுக்கு அவர்கள் கஷ்டம் புரியும். எனக்கோ வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பழி என் தலையில் விழுமோ என்று பயந்தேன்.

உப்புமா

முதலில் நான் சந்தேகப்பட்டது கேன்டீனை. அதை நடத்திய அந்தோணி அண்ணன் செகந்திராபாத் தமிழர். அவருடைய எண்ணெய் டின்னை நான் மோந்து பார்ப்பதைப் பார்த்துவிட்டார். கரண்டியைக் கீழே வைத்து, "ஏன்" என்பதற்கு ஹைதராபாத் வழக்கப்படி "கைக்கு" போட்டுக் கேட்டார்.

"கைக்கு தம்பி என் மேல சந்தேகம்? தினம் ரெண்டு பிளேட் உப்புமா திங்கிற நீ கக்கலையே."

நரைத்த தலைகள்

புதுப் பையன்கள் ஓரளவு தப்பித்தார்கள். வருஷக்கணக்கில் பறந்தவர்கள்தான் அதிகம் அவதிப்பட்டார்கள். இது எனக்கே விசித்திரமாக இருந்தது. ஒரு சீனியர் கேப்டன் சுவரைப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்தார்.

"என்னை ரிட்டயர் பண்ணத்தானே மிஷினை இப்படி முறுக்கி வெச்சிருக்கீங்க?"

சீஃப்

தலைமைப் பயிற்சியாளர் கோயமுத்தூர்க்காரர், சைனிக்புரியில் வீடு. திருப்பத்தில் யாராவது தப்பு செய்தால் உடனே ஃப்ரீஸ் பட்டனை அழுத்துவார். ஜன்னல் படம் சாய்ந்தபடியே நிற்கும். அப்படியே வைத்து நிதானமாகத் திட்டுவார். பின் சீட்டில் பட்டன்களையே பார்த்திருக்கும் அவருக்கு ஒன்றும் ஆகாது. தான் லீவு தராத கோபத்தில் நான்தான் மிஷினைக் கெடுக்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டார்.

"இந்த வாரத்துக்குள்ள சரியாகலைன்னா, நீங்க வேற வேலை பாத்துக்கோணுங்க."

அன்று மல்காஜ்கிரி வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

முன் சீட்

என்னைக் கையும் களவுமாகப் பிடிக்க சீஃபே விமானி சீட்டில் உட்கார்ந்தார். நான் எதையும் தொடாதபடி என்னைப் பக்கத்திலேயே உட்காரவைத்தார். பின்னால் அவரிடமே தொழில் கற்ற ஜூனியர். திருப்பத்தில் சீஃப் சற்றுக் கூடுதலாகச் சாய்த்துவிட்டார். ஜூனியர், கற்றுக்கொண்ட வழக்கப்படி, ஃப்ரீஸ் பட்டனை அழுத்தி மரியாதையாகத் தவறைச் சொல்லத் தொடங்கினார். ஓடுபாதை கோணலாக நின்றது. சீஃப் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கும் குமட்டியது: கண் சாய்ந்திருக்கிறோம் என்றது, உடம்பு இல்லை என்றது; பறந்து பழகிய உடம்புக்குத்தான் அந்தப் பொய் அதிகம் உறுத்தும். சீஃப் முகம் கழுவி வந்து ஜூனியரை ஃப்ரீஸ் பட்டனிலிருந்து கையை எடுக்கச் சொன்னார்.

"இனிமே திட்டுறதெல்லாம் படத்தை அணைச்சுப்போட்டுத்தானுங்க. ஆனா உங்க மேல சந்தேகம் அப்படியேதான் இருக்குதுங்க."

வாந்தி குறைந்தது, என் வேலையும் நிரந்தரமானது, ஆனால் ஓய்வு பெறும்வரை சீஃப் என்னைக் கண்டால் ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் பேசினார்.