பெயர் விடுபட்ட இடத்தில்

உபதேசியார் கண்ணை மூடி, இரண்டு கைகளையும் மேசைமேல் ஊன்றுவார். உடனே பெண்கள் பக்கத்துப் பாயில் முக்காடுகள் தாழும். யுத்தத்துக்குப் போன பிள்ளைகளுக்காக ஜெபிக்கும் நேரம் அது. கரையான்சாவடிக்குப் பக்கத்தில் ஓடு வேய்ந்த சின்னக் கோயில் எங்களுடையது. தெருவில் வீடு வீடாக நடந்து போகிறவர்போல அவர் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் வரிசையாகச் சொல்வார். ஒவ்வொரு பெயருக்கும் நாங்கள் எல்லாரும் "கர்த்தாவே, இரங்கும்" என்போம். தச்சர் வீட்டுப் பிள்ளைக்கு அடுத்தது என் பெரியம்மாவின் ஒரே மகன்.

அண்ணன் பட்டாளத்தில் சேரும்வரை பெரியம்மா கிறிஸ்துமஸுக்கும் அறுப்புப் பண்டிகைக்கும் மட்டும் கோயிலுக்கு வருகிறவள். அவன் பர்மாப் பக்கம் போனபின் மணி அடிக்குமுன்பே வந்து முன்பாயில் உட்கார்ந்துவிடுவாள். பிரசங்கம் ஆரம்பித்தால் தலை ஆடும். அண்ணன் பெயர் வரும்போது முதுகு நிமிரும். பக்கத்து வீட்டக்காள் ஒருநாள் கேலி செய்தாள்.

"இன்னாக்கா, உபதேசியாரு தொண்டை கிழியப் பேசச்சொல்ல தூங்கற, பேரு வந்தா மட்டும் முழிச்சிக்கினு குந்திக்கிற?"

"பிரசங்கம் ஊருக்குடி. பேரு எனக்கு" என்றாள் பெரியம்மா.

வீட்டில் அவன் பெயரைச் சொல்ல அவள் யாரையும் விடமாட்டாள். கோயிலில் சொன்னால் போதும், அங்கே சொன்னால்தான் அவனுக்குப் போய்ச் சேரும் என்பாள். அதனால் இங்கேயும் நான் எழுதவில்லை.

ஒரு சனிக்கிழமை, அண்ணனோடு போன பட்டாளத்துக்காரர் ஒருவர் பட்டாபிராமில் ரயிலிறங்கி எங்கள் வீட்டைத் தேடி வந்தார். அண்ணன் காய்ச்சலில் இறந்ததையும், தானே குழி வெட்டிப் புதைத்ததையும் தலை குனிந்தபடி சொன்னார். பெரியம்மா அழவில்லை. அவருக்குச் சோறு போட்டு அனுப்பிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு உபதேசியார் வீட்டுக்கு நடந்தாள்.

"ஐயா, நாளைக்கி அவன் பேரு வருமா?"

அவருக்கும் அதற்குள் செய்தி எட்டியிருந்தது. "போய்ட்டவங்களுக்கு நாம ஜெபிக்கறதில்லியேம்மா. இனிமே அவன் கர்த்தர்கிட்ட கீறான். நாம கேக்க இன்னா கீது?"

"அவனுக்கு ஒண்ணும் வாணாம் ஐயா. பேரு காதுல உழுந்தா போதும், எனக்கு."

அவள் மறுநாள் கோயிலுக்கு வரமாட்டாள், இனி எப்போதுமே வரமாட்டாள் என்று அம்மா பயந்தாள். ஆனால் வந்தாள்.

உபதேசியார் தச்சர் மகன் பெயரைச் சொன்னார். பதில் சொன்னோம். அடுத்த பெயருக்குத் தாண்டுமுன் ஒரு மூச்சு நின்றார். பழக்கம் எங்களை விடவில்லை. ஆண்களும் பெண்களும் ஒரே குரலில் "கர்த்தாவே, இரங்கும்" என்றுவிட்டோம். யாரும் எந்தப் பெயரும் சொல்லியிருக்கவில்லை. அவர் கண்ணைத் திறந்தார். கோயிலே விறைத்துப்போனது. பெரியம்மா மட்டும், யாரோ கூப்பிட்டதுபோல, வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

தவறு என்று உபதேசியார் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அதே இடத்தில் மூச்சு விட்டு நின்றார். நாங்களும் சொன்னோம். யுத்தம் முடிந்து பிள்ளைகள் ஊருக்கு வர வரப் பெயர்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. தச்சர் மகனும் வந்துவிட்டான். கடைசியில் சொல்லப் பெயரே இல்லை. ஆனாலும் அவர் கண்மூடி நிற்பார். கோயில் ஒரே ஒரு முறை பதில் சொல்லும். பெரியம்மா வாசலைப் பார்ப்பாள். அந்த நேரத்தில் நான் வாசல் பக்கம் திரும்பியதே இல்லை. பயம்.

சுதந்திரம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பெரியம்மா போய்ச் சேர்ந்தாள். அடக்கம் முடிந்த ஞாயிறு, உபதேசியார் வழக்கம்போல நின்றார். பதில் சொன்னோம். அவர் அசையவில்லை. யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. யார் ஆரம்பித்ததென்றும் தெரியவில்லை. இன்னொரு முறை சொன்னோம்.

இப்போது கோயில் பெரிது. நாற்காலி, மைக், மேளம் எல்லாம் உண்டு. பாட்டுக்காகவே ஜனம் வருகிறது என்கிறார்கள், இருக்கட்டும். ஜெபத்தில் மூச்சு விடத்தான் இடமில்லை. ஆமென் சொன்ன கையோடு எல்லாரும் பாட எழுந்துவிடுகிறார்கள். அதற்குள் நான் முக்காட்டுக்குள் முதல் பதிலைத்தான் முடித்திருப்பேன். இரண்டாவதைச் சொல்லும்போது என் குரலோடு வேறு குரல்களும் கேட்கின்றன. அதைக் கேட்கத்தான் இன்னும் கோயிலுக்குப் போகிறேனோ என்னவோ.