ஆள் சேதம் உண்டுங்களா?

காயலாங்கடைக்குள் நுழைந்ததும் வெள்ளியங்கிரி முதலில் செருப்பைக் கழற்றி ஓரமாக விடுவார். தரையெல்லாம் நட்டும் கண்ணாடித் தூளும் கிடக்கும். அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. கையில் தூக்கி வந்த ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேனைக் காலடியில் வைப்பார். தோள் துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொள்வார். பிறகு கடைக்காரரின் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்பார்: “ஏனுங்க, இந்த வண்டியில ஆள் சேதம் உண்டுங்களா?”

இன்ஜின் எந்த வருஷத்தது, எவ்வளவு ஓடியது, என்ன விலை, ஒன்றும் கேட்கமாட்டார். அதெல்லாம் கூட வரும் மெக்கானிக் குமரகுருவின் பாடு. ராசிபுரத்தில் பட்டறை வைத்திருக்கிற குமரகுரு குனிந்து ஆயில் மூடியைத் திறப்பான். மூடியின் அடிப்பக்கம் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்த இன்ஜின் என்று அப்போதே மூடிவிடுவான். நன்றாக இருந்தால் பேட்டரி கொடுத்து ஓடவிட்டு, மூடி திறந்த துவாரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பான். கையைத் தள்ளிக்கொண்டு காற்று வந்தால் உள்ளே பிஸ்டன் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இத்தனையும் தேறி அவன் நிமிர்வதற்குள் வெள்ளியங்கிரி அந்த வண்டியின் சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருப்பார். ஒரு கடையில் சின்னப் பிள்ளை வளையல் ஒன்று கிடைத்தது. இன்னொரு கடையில் முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒட்டிய பொட்டு. “வேண்டாஞ் சாமி, வா போலாம்” என்று கேனைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டிவிட்டார்.

சேலம், நாமக்கல், திருச்செங்கோடு என்று பழைய வண்டி உடைக்கிற கடைகளில் அவரைத் தெரியாதவர்கள் இப்போது இல்லை. ‘ஆள் சேதக்காரர்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஆள் சேதம் இல்லாத வண்டி இங்கே எதற்கு வரப்போகிறது என்று முகத்துக்கு நேரே கேட்ட நியாயஸ்தர்களும் உண்டு. மற்றவர்கள் கூசாமல் பொய் சொன்னார்கள். ஓனர் வெளிநாடு போய்விட்டார், ஓனருக்குக் கண் பார்வை குறைந்துவிட்டது, ஓனர் புது வண்டி எடுத்துவிட்டார். கடைக்காரர்கள் சொல்வதை நம்பினால் இந்தப் பக்கத்தில் எந்த ஓனரும் விபத்தில் செத்ததே கிடையாது.

வெள்ளியங்கிரிக்கு அறுபதை ஒட்டிய வயது. வெயிலில் காய்ந்த உடம்பு, எப்போதும் பொத்தான் ஒன்று குறைந்த சட்டை. ஜீப்பை முன்னால் இரும்புக் கம்பி விட்டுச் சுற்றிக் கிளப்பிய காலத்தில் கம்பி உதறியடித்து வலது கை நடுவிரல் முறிந்தது. சரியாகக் கூடவில்லை, அன்றிலிருந்து அது மடங்கியே இருக்கிறது. சோறு பிசையும்போதும் அந்த விரல் மட்டும் கலந்துகொள்ளாது. நீட்ட வேண்டுமானால் இடது கையால் பிடித்து இழுத்து நிமிர்த்த வேண்டும். உயிர் போகிற மாதிரி வலிக்கும் என்பதால் அவர் அந்த வேலைக்கே போவதில்லை.

நாமகிரிப்பேட்டைக்கு அப்பால் மலையடிவாரத்தில் வீடு. கொஞ்சம் மரவள்ளிக் காடு, நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப் ஒன்று. மலைக்கு மேலே இருக்கிற சிற்றூர்களுக்கு அந்த ஜீப்தான் பஸ், அதுதான் லாரி, அதுதான் ஆம்புலன்ஸ். உண்மையான ஆம்புலன்ஸ் அடிவாரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் பாதை என்று சொல்கிறார்களே தவிர, உருண்டு கிடக்கிற கல்லுக்கு நடுவே சக்கரம் வைக்கிற இடம் எது என்று தெரிந்தவர்கள்தான் போக முடியும். ஏறும்போது ரேஷன் அரிசியும் சிமெண்டும் வாத்தியாரும் போவார்கள். இறங்கும்போது பலாப்பழம், புளி, காய்ச்சல்காரர்கள். நோயாளியிடம் வெள்ளியங்கிரி வாடகை கேட்கமாட்டார். கொடுத்தால் வேண்டாம் என்றும் சொல்லமாட்டார்.

போன ஆனியில் ரேடியேட்டரில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. ஒழுகின தடம் எங்கும் இல்லை, உள்ளுக்குள்ளேயே குடித்துக்கொண்டிருந்தது. குமரகுரு பார்த்துவிட்டு, “இஞ்சின் ஹெட்டு போவுதுங்ணா. பிரிச்சுரலாம். அதுவரைக்கும் மலை ஏத்தாதீங்க” என்றான். வெள்ளியங்கிரி விரல் விட்டு நாள் பார்த்தார். ஆடி பிறக்க இருந்தது. ஆடியில் கிணறு வெட்டமாட்டார், வீட்டுக்குக் கடக்கால் எடுக்கமாட்டார், இன்ஜினைப் பிரிப்பாரா? “ஆடி கழியட்டுஞ் சாமி. ஆவணி மொதத் தேதி பிரிச்சுக்கலாம்” என்றார். கேனில் தண்ணீர் எடுத்துப் போய் வழி நெடுக ஊற்றி ஊற்றி ஓட்டினார். ஓடத்தான் செய்தது.

ஆடி முடியப்போகிற நேரம், நல்ல உச்சி வெயிலில், மேலேயிருந்து போன் வந்தது. ஷாலினி என்ற பெண்ணுக்குத் தலைப்பிரசவம். வலி எடுத்துவிட்டது, உதிரமும் போகிறது. வெள்ளியங்கிரி ஏறிப் போய் அவளைப் பின்சீட்டில் படுக்கவைத்துக்கொண்டு கிளம்பினார். அந்த ஊரிலிருந்து கீழே இறங்க வேண்டுமானால் முதலில் ஒரு மேடு ஏற வேண்டும். மேட்டில் பாதி ஏறியபோது சூட்டு முள் சிவப்புக்குப் போனது. கேனை எடுத்தார், ஏறி வரும்போதே ஊற்றித் தீர்த்திருந்தார், கிளம்பிய அவசரத்தில் மறுபடி நிரப்பவில்லை. இன்ஜின் நின்றது. ஷாலினியின் புருஷன் தண்ணீர் தேடி ஓடினான். அந்த வருஷம் ஓடையெல்லாம் வறண்டு கிடந்தது. கம்பளித் தூளி கட்டித் தூக்கிப் போக ஊரிலிருந்து ஆட்கள் ஓடி வருவதற்குள் அவள் பின்சீட்டிலேயே அடங்கிப்போனாள். வயிற்றுப் பிள்ளை வயிற்றோடு போயிற்று.

போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். வாகனப் பழுது, மரணம் ஒன்று. ஊரும் அப்படித்தான் பேசியது. “ஒரு உசுரு போவணும்னு இருந்துருக்குது, நீங்க என்ன பண்ணுவீங்க?” என்று வீடு தேடி வந்து ஆறுதல் சொன்னார்கள். நல்ல மனுஷர்கள்தான். ஒவ்வொருவரும் ‘ஒரு உசுரு’ என்று சொல்லும்போது வெள்ளியங்கிரி துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொள்வார். அதற்குப் பிறகுதான் இந்தத் தண்ணீர்க் கேன். கடைவீதிக்குப் போனாலும் கேன், பஸ்ஸில் ஏறினாலும் கேன். “வண்டியில்லாத டிரைவருக்குத் தண்ணி எதுக்குங்க பெரியவரே, லக்கேஜ் போடட்டுமா?” என்று கண்டக்டர் சீண்டினால், “இருக்கட்டுங்க, என்ற மடியில வெச்சுக்கறேன்” என்பார்.

ஆவணியில் குமரகுரு பிரித்துப் பார்த்தான். ஹெட் வெடித்து, பிஸ்டன்கள் உருகிப் பிடித்திருந்தன. தட்டிக்கொட்டிச் சரி பண்ணலாம் என்று அவன் சொன்னதை வெள்ளியங்கிரி காதில் வாங்கவில்லை. “அது வேண்டாம். வேற பாரு. ஒரு உசுரையும் வாங்காத இஞ்சினாப் பாரு” என்றார். அன்றைக்கு ஆரம்பித்த அலைச்சல் புரட்டாசி, ஐப்பசி என்று நீண்டது. அதுவரையில் மலைக்காரர்கள் நோயாளிகளைத் தூளியில்தான் தூக்கி வந்தார்கள்.

ஐப்பசியில் ஒரு சந்தை நாளில் ஷாலினியின் புருஷனே வீட்டு வாசலில் வந்து நின்றான். சண்டைக்கு வந்திருக்கிறான் என்று வெள்ளியங்கிரி எழுந்து நின்றார். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தது. அவன், “எங்க அண்ணி மாசமா இருக்குதுங்க. மார்கழி வாக்குல ஆவும்னு நர்சம்மா சொல்றாங்க. வண்டி எப்பங்க வரும்?” என்று கேட்டான். வெள்ளியங்கிரியின் மனைவி கந்தம்மாள்தான் அவனுக்குக் காப்பி கொடுத்து, “வந்துருங் கண்ணு” என்று அனுப்பிவைத்தாள்.

அவன் தலை மறைந்ததும் அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். இத்தனை வருஷத்தில் அவரைச் சத்தம் போட்டுப் பேசியதில்லை. “ஆடி பாத்தீங்க. அவ போயிட்டா. இப்ப ஆள் சேதம் பாத்துட்டுத் திரியறீங்க. நாளைக்கு மார்கழி பொறந்தா அதுக்கொரு மாசம் குத்தவெச்சு உக்காந்துக்குவீங்க. மேல இருக்கறவளோட வவுறு உங்களாட்ட நாள் பாக்குமாக்கும்? நம்ம இஞ்சினு சுத்தமாத்தானுங்க ஊட்டுக்கு வந்துச்சு? அது என்ன பண்ணுச்சு?” வெள்ளியங்கிரி வெளியே போய், முன்பக்கம் காலியாகக் கிடந்த ஜீப்பின் படியில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் ஆட்டையாம்பட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கிற தீனதயாளன் கடைக்குப் போனார்கள். தீனதயாளனின் அப்பா தறி நெய்தவர். மகன் வண்டி உடைக்கிறார். வாய் நிறையச் சிரிப்பு. எடுத்த எடுப்பில் கம்ப்யூட்டர் வைத்த புது இன்ஜினைக் காட்டி, “பிக்கப்பு பிச்சுக்கிட்டுப் போவுமுங்க” என்றார். வெள்ளியங்கிரி தலையை ஆட்டினார். “அந்த மேட்டுல ஒயரு ஒண்ணு அந்துச்சுன்னா எவனுங்க வந்து லேப்டாப்பு மாட்டுவான்? பழைய டீசல் பம்பு வெச்சதாக் குடுங்க. டீசல்ல காத்துப் புடிச்சா நானே கையால அதை எடுத்துட்டுக் கெளப்பிருவேன்.” அப்படியும் ஒன்று இருந்தது. கடையின் கோடியில், வேப்பமரத்துக்கு அடியில், கூரை நசுங்கிய ஒரு வண்டியில். குமரகுரு மூடியைத் திறந்தான், ஓடவிட்டான், கையை வைத்தான். ஜீப்பின் முன் அச்சில் இடிக்காமல் ஆயில் சட்டி உட்காருமா என்று டேப் வைத்து அளந்தான். “இதுக்கு மேல கெடைக்காதுங்ணா” என்றான்.

“ஆள் சேதம் உண்டுங்களா?”

“அட, ஒரு கீறல் இல்லீங்க. ஓனரு பொண்ணு ஊட்டோட போயிட்டாரு.”

வெள்ளியங்கிரி குனிந்து உள்ளே பார்த்தார். வண்டி முழுக்க விரல் கனத்துக்குப் புழுதி. டிரைவர் சீட்டை மட்டும் யாரோ நன்றாகக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வழக்கம்போலக் கேனைத் தூக்கவில்லை. “கேட்டுட்டு வாரேனுங்க” என்றார்.

கேட்பது என்றால் அம்மனிடம் பூக் கேட்பது. வெள்ளைப் பூ ஒரு பொட்டணம், சிவப்புப் பூ ஒரு பொட்டணம் கட்டி அம்மன் காலடியில் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். வெள்ளை வந்தால் வாங்கலாம், சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும். பொட்டணங்களைக் கந்தம்மாள்தான் கட்டிக் கொண்டுவந்தாள். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். வெள்ளை. கந்தம்மாள் மறு பொட்டணத்தைச் சட்டென்று எடுத்து மடியில் செருகினாள். அவசரத்தில் வாழையிலை கிழிந்து, அதற்குள்ளிருந்தும் வெள்ளை அரளி ஒன்று வெளியே தலை நீட்டியது. பூசாரி பார்த்தார், மணியை அடித்தார். வெள்ளியங்கிரியும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கார்த்திகையில் பழைய இன்ஜினைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு குமரகுருவும் அவரும் தீனதயாளன் கடைக்குப் போனார்கள். பழசைக் கொடுத்துவிட்டுப் புதுசை எடுத்து வருவதாகப் பேச்சு. பழசுக்கு ஆள் தயாராகவே காத்திருந்தார். தம்மம்பட்டிப் பக்கத்துச் சுப்பையன். அவரிடமும் இதே மாதிரி ஜீப், இதே மாதிரி பிழைப்பு. பிரித்துப்போட்டு இன்னொன்றுக்குச் சாமான் சேர்க்க வேண்டுமாம். வண்டியில் கிடந்த இன்ஜினைச் சுற்றி வந்தார், தட்டிப் பார்த்தார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்துக்கொண்டு கேட்டார்.

“ஏங்க, நானும் மலைக்கு ஜனங்கள ஏத்திக்கிட்டுப் போறவன்தான். இதுல ஆளு யாராவது போயிருக்காங்களா?”

தீனதயாளன் முந்திக்கொண்டார். “என்னங்க நீங்க! ஹெட்டுப் போன இஞ்சினு, அவ்வளவுதான். பெரியவரு ஆள் சேதம் பாக்காம ஒரு நட்டுக்கூட வாங்கமாட்டாரு, அவருகிட்டப் போயி...” கண்ணையும் காட்டினார், பேசாமல் இருங்கள் என்று. சுப்பையன் அவர் பக்கம் திரும்பவேயில்லை. வெள்ளியங்கிரியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கேள்வியை எத்தனையோ கடைகளில் கேட்டவர்தான் வெள்ளியங்கிரி. வலது கையைத் தூக்கி ஆள்காட்டி விரலைக் காட்டினார்.

“ஆமாங்க, ஒரு உசுரு” என்றான் குமரகுரு அவசரமாக. “அதுவும் இவரு மேல தப்பில்லீங்க. அது அவங்க வெதி...”

வெள்ளியங்கிரி இல்லை என்று தலையசைத்தார். தண்ணீர்க் கேனைக் கீழே வைத்தார். மடங்கிக் கிடந்த நடுவிரலை இடது கையால் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, இழுத்து நிமிர்த்தி, ஆள்காட்டி விரலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.