கிருபாபாய் டீச்சரும் கருவாட்டுப் பத்தியமும்

1946இல் தூத்துக்குடி மில்லர்புரத்தில் ஹோமியோபதி மருந்துப் பெட்டி வைத்திருந்தவர் கிருபாபாய் டீச்சர். நாசரேத்துக்காரர். கல்கத்தாவிலிருந்து தபாலில் வரவழைத்த வைத்தியப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர். தலைவலி என்று போனால் போதும், இடது பக்கமா வலது பக்கமா, தாகம் உண்டா, எப்படிச் சாய்ந்து படுப்பீர்கள் என்று கேட்டு உயிரை வாங்கிவிட்டு, எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொள்வார். நோயின் பெயரில் என்ன இருக்கிறது, ஆளைப் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. கடைசியில் நாலு சீனி உருண்டை. கூடவே பத்தியம்: காப்பி கூடாது, கற்பூரம் கூடாது, கருவாட்டு வாசனை வீட்டுக்குள் வரவே கூடாது.

கடற்கரை ஊரில் இப்படியொரு பத்தியம்! கருவாட்டுக் கடை மந்திரமூர்த்திக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "டீச்சரம்மா, எம் பொழப்புல மண்ணள்ளிப் போடுதியளே!" என்று பார்க்கும்போதெல்லாம் வம்புக்கு இழுப்பார். டீச்சரும் விட மாட்டார்.

அந்த மந்திரமூர்த்திக்குத்தான் ஐப்பசியில் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் காலையில் அவர் மனைவி செல்லக்கனி அழுதுகொண்டே ஓடி வந்தாள்.

"என்னையே யாருன்னு கேக்காவ, டீச்சரம்மா!"

டீச்சர் போய் உட்கார்ந்து எழுதினார். முகம் செக்கச்செவேல். வெளிச்சம் பட்டால் பயம். விரல்கள் போர்வையைப் பிய்க்கின்றன. புத்தகம் பெல்லடோனா என்ற மருந்துக்குச் சொன்ன குறிகள் அப்படியே இருந்ததில் அவருக்கு ஒரு சின்னப் பெருமைகூட. உருண்டையை எடுக்கும்போது மந்திரமூர்த்தியின் வலது கை வெட்டி வெட்டி இழுத்தது, கழுத்து விறைத்தது. பெட்டியைப் படக்கென்று மூடினார். கௌரவம் பார்த்தால் ஆள் போய்விடுவார் என்று பயம் வந்துவிட்டது.

"ஏளா, வண்டியக் கூப்பிடு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

டாக்டர் முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்த்தார். "மூளைக் காய்ச்சல். வைரஸ் கிருமி. இதுக்குன்னு மருந்து எங்கிட்டயும் கிடையாது, கூடவே இருந்து பாத்துக்கிடணும். வலிப்பு எப்ப தொடங்குச்சு?"

செல்லக்கனி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் நோட்டை நீட்டினார். எல்லாம் நேரம் குறித்து எழுதியிருந்தது. டாக்டர் ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, "இதை நிறுத்திராதீங்க" என்றார்.

பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு ஒன்பது நாள் பக்கத்திலிருந்து எழுதினார். உருண்டை ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. பத்தாம் நாள் காலை மந்திரமூர்த்தி கண் திறந்து மனைவியைப் பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்த்தார்.

"ஏளா செல்லக்கனி, கருவாடு திங்கப்படாதுன்னு சொல்ல இங்கனயும் வந்துட்டாவளா?"

டீச்சர் அதை எழுதப் போனார். கண்ணீர் விழுந்து மை கலைந்துவிட்டது. நோட்டை மூடினார்.

"அண்ணாச்சி, கடைச் சாவி எங்கன இருக்கு? கருவாடு நானே எடுத்துட்டு வாரேன்."