ஒரு மாதக் குழந்தைக்கு என்ன பாவம்? தாம்பரத்தில் ஒரு ஞானஸ்நான வகுப்பு

போன மாதம் அக்கா மகளுக்கு ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தந்தை என்று அக்கா முடிவு செய்துவிட்டாள். அதற்கு முந்தைய சனிக்கிழமை கோயிலில் நடக்கும் தயாரிப்பு வகுப்புக்கு வராவிட்டால் பெயரைச் சேர்க்க மாட்டார்கள். கிளம்பினேன்.

பல்லாவரத்தில் 8.40 மின்சார ரயில். ஐந்து ரூபாய், பதினைந்து நிமிடம். தாம்பரம் மேற்கிலிருந்து ஆட்டோ, இரண்டு கிலோமீட்டருக்கு எண்பது ரூபாய். நெரிசலில் நின்றபோது ஓட்டுநரை அவசரப்படுத்தினேன்.

"பறந்தா போறது சார்? கோயில்ல இன்னா விசேஷம்?"

பிறக்கும்போதே ஒட்டிவரும் ஜென்மப் பாவத்தைக் கழுவும் சடங்கு என்றேன்.

"கைக்கொழந்தை இன்னா சார் பாவம் பண்ணிச்சு? பாலு குடிச்சதா?"

என் கேள்வியும் அதுதான். நான் மெக்கானிக்கல் படித்தவன். ஷெட்டை விட்டு வெளியே வராத வண்டிக்கு யாராவது அபராதம் போடுவார்களா? வகுப்பு தொடங்கிய பத்தாவது நிமிடமே ஃபாதரிடம் கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "குழந்தை எதுவும் செய்யலப்பா. கடவுளை விட்டு மனுஷன் விலகிப்போன நிலைமையில அது பொறக்குது, அவ்வளவுதான். ஞானஸ்நானத்துல பாவம் போயிடும், ஆனா அந்தப் பக்கம் சாயிற சுபாவம் இருக்கும். அதுல விழாம பாத்துக்கத்தான் ஞானத்தந்தை. நம்பாம வந்து நிக்காதீங்க. வேற ஆள் வேணும்னா இன்னைக்கே சொல்லிடுங்க."

பக்கத்தில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த அக்காவின் முகம் வாடிவிட்டது. டீ இடைவேளையில் அவளிடம், "செய்யாத தப்புக்கு எதுக்கு மன்னிப்பு?" என்று கத்தினேன்.

"இப்ப யாரு மாதிரி கத்துறேன்னு தெரியுதா?"

அப்பா மாதிரி. அப்பா, அவருடைய அப்பா மாதிரி.

"நேத்து இவ அழுதப்ப நானும் அப்படித்தான்டா கத்தினேன். முப்பது நாள் கொழந்தைகிட்ட! இவ மேல தப்பே இல்ல. ஆனா வந்து பொறந்தது நம்ம கிட்ட. இந்த வியாதி உனக்கு நல்லாத் தெரியும். அதான் உன்னக் கேட்டேன்."

ஃபாதர் சொன்னது பாதிதான் புரிந்தது. அக்கா சொன்னது முழுதாகப் புரிந்தது. படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

ஞாயிறன்று, "பாவத்தை..." என்று ஞானத்தந்தையிடம் கேட்கும் கேள்வியை ஃபாதர் தொடங்கியதுமே, "விட்டுவிடுகிறேன்" என்றேன். அக்கா சிரித்துவிட்டாள். ஃபாதர் பொறுமையாக முதலிலிருந்து கேட்டார். தலையில் தண்ணீர் விழுந்ததும் குழந்தை எங்கள் குடும்பக் குரலிலேயே வீறிட்டது.

போகப்போகிறவர்களுக்கு: வகுப்பு காலை ஒன்பதரைக்கு, இரண்டு மணி நேரம். கட்டணம் இல்லை. ஆட்டோ பேரத்துக்கு நேரம் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். சந்தேகம் இருந்தால் வகுப்பிலேயே கேட்டுவிடுங்கள், பீடத்தின் முன் வேண்டாம். சடங்கு முடிந்ததும் அழும் குழந்தையை உங்கள் கையில்தான் தருவார்கள். குரலை உயர்த்தாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.